நனைய வேண்டியதும் நனையக் கூடாததும்

தீயணைப்பு, மீட்புத் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், நெடுநாள் பூட்டிக் கிடந்த ஒரு வேதியியல் இருப்பறையைக் கணக்கெடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மேல்தட்டின் மூலையில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று நின்றது. ஒட்டியிருந்த சீட்டில் எழுத்து மங்கிவிட்டது. உலோக மூடியின் விளிம்பைச் சுற்றி மட்டும் மஞ்சள் நிறப் பொருக்கு ஒன்று மெல்லிய வளையமாகப் படிந்திருந்தது. சீட்டை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் படித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். எங்கள் குழுத் தலைவர் குரலை உயர்த்தவே இல்லை. "கையை எடு தம்பி. மூடியைத் தொடாதே. புட்டியை நகர்த்தவும் வேண்டாம். அப்படியே ரெண்டு அடி பின்னால வா" என்றார்.

அது பிக்ரிக் அமிலம். முப்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் தண்ணீர் கலந்திருக்கும் வரை, ஐக்கிய நாடுகள் அவையின் ஆபத்தான சரக்குகள் பட்டியலில் அது 1344 என்ற எண்ணைத் தாங்கிய, தீப்பற்றும் திடப்பொருள். தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் அதே தூள் வெடிமருந்து. உலோக மூடியோடு சேர்ந்து அது உண்டாக்கும் பிக்ரேட் உப்புகள் இன்னும் பொல்லாதவை. மூடியின் மரைக்குள் சிக்கிய சில மணிகள், திருகும்போது ஏற்படும் உராய்வுக்கே வெடிக்கலாம். குழுத் தலைவர் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, படிகங்களுக்கு மேலே நீர்ப்படலம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று கண்ணாடி வழியாக மட்டும் பார்த்தார், இல்லை. எல்லாரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, வெடிபொருள் அகற்றும் பிரிவுக்குத் தகவல் சொன்னார். நாங்கள் செய்த பேரிடர் மீட்பு அவ்வளவுதான். அன்று எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நச்சுத்தன்மையும் தீப்பற்றும் இயல்பும் ஒன்றாகச் சேர்ந்த திடப்பொருள்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் புட்டிதான் நினைவுக்கு வருகிறது. தீயணைப்பு என்றால் தண்ணீர் என்று பழகிய கைக்கு, இந்த வகைப் பொருள்கள் முதலில் கேட்கும் கேள்வியே தண்ணீரைப் பற்றியதுதான். சில பொருள்கள் நனைந்தே இருக்க வேண்டும், சில நனையவே கூடாது, சில நனையலாம் ஆனால் அடித்து நனைக்கக் கூடாது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழாயைத் திறப்பவர், விபத்தைத் தாமே தொடங்கி வைக்கிறார்.

இந்தக் கேள்வி, பொருளை வகைப்படுத்தும் ஆய்வகத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஒரு தூள் 4.1 வகுப்பைச் சேர்ந்த தீப்பற்றும் திடப்பொருளா என்று அறிய, அதை அச்சில் வார்த்து 250 மில்லிமீட்டர் நீளமும், 20 மில்லிமீட்டர் அகலமும், 10 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட முக்கோண வரப்பாக அமைக்கிறார்கள். ஒரு முனையில் நெருப்பு வைத்து, 100 மில்லிமீட்டர் தூரத்தைத் தீ எத்தனை நொடியில் கடக்கிறது என்று பார்க்கிறார்கள். உலோகத் தூள் அல்லாதவற்றில், 45 நொடிக்குள் கடந்தால் அது 4.1. அளந்த தூரத்துக்குச் சற்று அப்பால், வரப்பின் மேல் ஒரு மில்லிலிட்டர் ஈரமாக்கும் கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டிருப்பார்கள். அந்த ஈரத் திட்டு தீயை நான்கு நிமிடமாவது தடுத்து நிறுத்தினால் பொருள் ஒரு படி குறைந்த அபாயம் கொண்டது. ஈரத்தைத் தாண்டி ஓடிவிட்டால் ஒரு படி மேல். ஒரு மில்லிலிட்டர் என்பது கண்ணீர்த் துளிகள் சிலவற்றின் அளவு. பின்னாளில் பல டன் சரக்கோடு போகும் ஆவணம், அந்தச் சில துளிகளைத் தீ எப்படி எதிர்கொண்டது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறது. எனக்கு இது இன்றும் வியப்பளிக்கும் சங்கதி.

4.1 வகுப்புச் சரக்கின் மேல் ஒட்டப்படும் சீட்டு செங்குத்தான சிவப்பு வெள்ளைக் கோடுகள் கொண்டது. அதன் பக்கத்தில் மண்டையோடும் குறுக்கெலும்பும் வரைந்த 6.1 சீட்டும் இருந்தால், எரியும் நஞ்சு என்று பொருள். சில நாடுகளில் டேங்கர் வண்டிகளின் ஆரஞ்சுப் பலகையில், கீழே ஐ.நா. எண்ணும் மேலே அபாய எண்ணும் இருக்கும். மேலே 46 என்று கண்டால், தீப்பற்றும் அல்லது தானே சூடேறும் திடப்பொருள், அதோடு நச்சு. எண்ணுக்கு முன்னால் 'எக்ஸ்' இருந்தால் தண்ணீரைத் தொடவே கூடாது. இவற்றையெல்லாம் அருகில் போய்ப் படிக்கக் கூடாது என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்று, தொலைநோக்கியில் படிக்க வேண்டும். பலகையைப் படிக்கப் போய்ப் புகைக்குள் சிக்கியவர் எண்ணைச் சரியாகவே சொல்வார். அதனால் அவருக்குப் பயன் இராது.

எண் கிடைத்ததும் புரட்ட வேண்டியது, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளின் அரசுகள் சேர்ந்து நான்காண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அவசரகால வழிகாட்டி. மஞ்சள் பக்கத்தில் எண்ணைத் தேடினால், ஆரஞ்சுப் பக்கங்களில் எந்த வழிகாட்டுதலுக்குப் போக வேண்டும் என்று சொல்லும். அங்கேதான் இந்த வகைக்குள் இருக்கும் பிளவு தெரியும். நச்சுத்தன்மையோ அரிக்கும் தன்மையோ கொண்ட தீப்பற்றும் திடப்பொருள்களுக்கு 134. ஈரத்தால் அடக்கி வைத்த, நச்சுத்தன்மை கொண்ட வெடிபொருள்களுக்கு 113. இரண்டின் தலைப்பிலும் 'தீப்பற்றும் திடப்பொருள்', 'நச்சு' என்ற சொற்கள் உண்டு. ஆனால் 134 சொல்லும் தொடக்க விலகல் தூரம் எல்லாத் திசையிலும் 25 மீட்டர். 113 சொல்வது 100 மீட்டர். சிந்தியது பெரிய அளவென்றால் 134இல் காற்று அடித்துச் செல்லும் பக்கம் 100 மீட்டர் வரை மக்களை வெளியேற்றுவதை யோசிக்கச் சொல்கிறது. 113இல் எல்லாத் திசையிலும் 500 மீட்டர். தலைப்பை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தை மாற்றிப் புரட்டியவர் எங்கே போய் நிற்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

134க்கு ஓர் எடுத்துக்காட்டு டெகாபோரேன். வெண்ணிறப் படிகம், 100 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும், தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். அது நரம்புகளைத் தாக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்று இரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டுக்குப் போனவரை மறுநாளும் அதற்கடுத்த நாளும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பல குழுக்களில் இந்த ஒரு வேலையை யார் செய்வது என்று எழுதி வைப்பதே இல்லை.

நனையக் கூடாதவற்றில் நான் அதிகம் அஞ்சுவது அலுமினியம் பாஸ்பைடு. தானியக் கிடங்குகளில் புகைமூட்டம் போடப் பயன்படும் இந்த மாத்திரைகள் தம்மளவில் சும்மா கிடக்கும். ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற வாயு வெளிவரும். பத்து லட்சம் பங்கு காற்றில் 50 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுக்கப்பட்ட வாயு அது. போதாக்குறைக்குத் தானே தீப்பற்றவும் கூடும். பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை அடிக்கும் என்பார்கள். அந்த வாடை பெரும்பாலும் அதோடு கலந்த மாசுகளின் வாடை. தூய பாஸ்பீனுக்கு வாடையே கிடையாது. ஆகவே மூக்கை நம்பி உள்ளே போவதும், மூக்கை நம்பி வெளியே வருவதும் ஒரே அளவு முட்டாள்தனம். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அமரில்லோ நகரத்து வீடொன்றின் அடியில் யாரோ தூவி வைத்த இந்த மாத்திரைகளை, வாடை தாங்காமல் அந்த வீட்டுத் தந்தை தண்ணீர் ஊற்றிக் கழுவ முயன்றார். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அவர் செய்தது, அழுக்கைக் கண்டால் எவரும் செய்வது. இது நடந்தபின் பயிற்சி வகுப்புகளில் 'தண்ணீர் ஊற்றாதே' என்று மட்டும் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். தண்ணீர் ஊற்றியதும் என்ன வாயு, எவ்வளவு விரைவில், எங்கே போய்த் தேங்கும் என்று சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த பொருளுக்குப் போகிறேன். அத்தகைய பொருளுக்கு உலர்ந்த மணல், உலர்ந்த ரசாயனத் தூள், சோடா சாம்பல், சுண்ணாம்பு. இல்லையேல் பின்வாங்கி எரிய விடுவது. நுரையும் உதவாது, ஏனென்றால் நுரையில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

வெண்பாஸ்பரஸ் இதற்கு நேர்மாறு. பெயரில் பாதி ஒன்றாக இருப்பதாலேயே இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வெண்பாஸ்பரஸ் சுமார் 30 டிகிரியிலேயே காற்றில் தானாகத் தீப்பற்றும். 44 டிகிரியில் உருகும். அதனால் அதைத் தண்ணீருக்கு அடியில்தான் வைத்திருப்பார்கள். எரிந்தால் எழும் அடர்வெண்புகை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பாரிக் அமிலமாகிறது. 1986 ஜூலை 8 அன்று ஒஹையோவின் மயாமிஸ்பர்க்கில் தடம் புரண்ட சரக்கு ரயிலில் ஒரு டேங்கர் வெண்பாஸ்பரஸ் பல நாட்கள் எரிந்தது; பல்லாயிரம் பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 2007 ஜூலை 16 அன்று உக்ரைனின் மேற்குப் பகுதியில், கசகஸ்தானிலிருந்து போலந்துக்கு மஞ்சள் பாஸ்பரஸ் (வெண்பாஸ்பரஸின் மற்றொரு பெயர்) ஏற்றிச் சென்ற ரயில் தடம் புரண்டு, அதே வெண்புகை ஊர்களின் மேல் படர்ந்தது. இங்கே தண்ணீர் எதிரி அல்ல; அதை ஊற்றும் விதம்தான் சிக்கல். அழுத்தம் மிகுந்த நேர்த்தாரையை அடித்தால், எரியும் பாஸ்பரஸ் துண்டு துண்டாகச் சிதறி, விழுந்த இடமெல்லாம் பற்றும். தெளிப்பாக, மெதுவாக, ஈரமணலோடு மூட வேண்டும். அணைந்துவிட்டது என்று நம்பி விட்டுவிட்டால், ஈரம் காய்ந்ததும் மறுபடி பற்றும். தோலில் பட்டவருக்கும் அதே விதிதான்: மருத்துவர் கையில் ஒப்படைக்கும் வரை அந்த இடம் நீரில் மூழ்கியோ ஈரத்துணி சுற்றியோ இருக்க வேண்டும். கந்தகத்தைப் பற்றி ஒரே வரி: பகல் வெளிச்சத்தில் அதன் நீலச்சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அதன் தூளைத் தாரையால் கிளப்பினால் தூசு மேகமே வெடிக்கும்.

இனி, நனைந்தே இருக்க வேண்டியவை. 2015 ஆகஸ்ட் 12 இரவு சீனாவின் தியான்ஜின் துறைமுகத்தில் நடந்ததைப் பற்றி, முதல் சில நாட்கள் உலகம் முழுக்க ஒரு பேச்சு ஓடியது. கால்சியம் கார்பைடு மேல் தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடித்ததுதான் காரணம் என்றார்கள். செய்த வேலைக்காக உயிரையும் கொடுத்தவர்கள் மேல் பழியையும் ஏற்றி வைத்த பேச்சு அது. அடுத்த ஆண்டு வெளிவந்த அதிகாரப்பூர்வ விசாரணை அறிக்கை வேறொன்றைச் சொன்னது: கொள்கலன் ஒன்றில் இருந்த நைட்ரோசெல்லுலோஸ், அதை ஈரமாக வைத்திருக்கும் திரவம் ஆவியாகிப் போனதால் ஓரிடத்தில் உலர்ந்து, கோடை வெப்பத்தில் தானே சூடேறித் தீப்பற்றியது. தீ பரவி, பக்கத்தில் அடுக்கியிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அதே வளாகத்தில் சுமார் 700 டன் சோடியம் சயனைடும் இருந்தது. 165 பேர் இறந்தனர், 8 பேர் காணாமல் போயினர். இறந்தவர்களில் 99 பேர் தீயணைப்பு வீரர்கள். தண்ணீர் அடித்ததால் வந்த கேடு என்று பேசப்பட்டது, தண்மையும் ஈரமும் இல்லாமல் போனதால் வந்த கேடாக முடிந்தது.

113ஆம் வழிகாட்டுதலில் இருக்கும் கடினமான வாக்கியம் இதைத்தான் மனத்தில் வைத்து எழுதியது போலத் தோன்றும், அதைவிடப் பழையதாக இருந்தாலும். தீ சரக்கை எட்டிவிட்டால் அணைக்கப் போகாதே. குறைந்தது 800 மீட்டருக்குப் போக்குவரத்தை நிறுத்தி, இடத்தைக் காலி செய்து, எரிய விடு. சரக்கு வெப்பத்துக்கு ஆளாகியிருந்தால் வண்டியை நகர்த்தவும் செய்யாதே. வண்டியின் டயரிலோ என்ஜினிலோ தீ என்றால், அது சரக்கை எட்டுமுன் தண்ணீரை வெள்ளமாக விடலாம். எட்டிய பின் கிடையாது. இந்த எல்லைக்கோட்டைக் களத்தில் நின்று தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்று, அந்த வாக்கியத்தை எழுதியவருக்கும் தெரிந்திருக்கும். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் மோதித் தீப்பிடித்த கப்பலில், ஈரமானதும் உலர்ந்ததுமான பிக்ரிக் அமிலம், டி.என்.டி., துப்பாக்கிப் பஞ்சு எல்லாம் இருந்தன. சுமார் இருபது நிமிடம் எரிந்து, பிறகு வெடித்தது. சரக்கு இன்னதென்று அறிந்த மாலுமிகள் படகில் ஏறித் தப்பினார்கள். அறியாத ஊர், சன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தது. தீயணைப்பு வண்டி நேரே துறைமுகத்துக்கு வந்தது.

என் சொந்த அனுபவத்தில் இந்த வகையோடு நீண்ட நேரம் இருந்தது ஓர் இரவு மட்டும்தான். சரக்குக் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்டின் முள் பட்டு ஒரு டிரம் சாய்ந்து, மஞ்சள் நிறக் குழம்பு சிமெண்டுத் தரையில் பரவிவிட்டது என்று அழைப்பு. ஐ.நா. எண் 1320: பதினைந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் தண்ணீர் கலந்த டைநைட்ரோபீனால். முதல் சீட்டு 4.1, இரண்டாவது சீட்டு 6.1.

டைநைட்ரோபீனாலுக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் உடல் கொதித்து இறந்தார்கள். உயிரணுக்கள் உணவை ஆற்றலாகச் சேமிக்கும் வேலையை அது குலைத்துவிடுவதால், எரிந்த உணவெல்லாம் வெறும் வெப்பமாக வெளியேறுகிறது. உடல் இளைக்கிறது என்பதைக் கண்டு 1930களில் அதையே மெலிவதற்கான மாத்திரையாக விற்றார்கள். 1938இல் அமெரிக்காவில் அது மனிதர் உட்கொள்ளத் தகாதது என்று விலக்கப்பட்டது. முறிமருந்து கிடையாது. தோல் வழியாகவும் போகும். தொட்ட இடம் மஞ்சளாகும்.

முழு உடல் பாதுகாப்பு உடையும் மூச்சுக்கருவியும் அணிந்து அரை மணி நேரம் வேலை செய்பவருக்கு வியர்த்துக் கொட்டும், உடல் சூடேறும், நாடி துடிக்கும், மூச்சு வாங்கும். டைநைட்ரோபீனால் நஞ்சேறியவருக்கும் இதே நான்கும். வெளியே வந்து உட்கார்ந்திருக்கும் வீரரைப் பார்த்து, உடை தந்த சூடா, உள்ளே போன நஞ்சா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே உள்ளே அனுப்புமுன் ஒவ்வொருவருக்கும் உடல் வெப்பத்தையும் நாடியையும் எழுதி வைத்தோம். வெளியே வந்து பத்து நிமிடம் நிழலில் அமர்ந்த பின் மறுபடி எடுத்தோம். வெறும் களைப்பென்றால் இறங்க வேண்டும். இறங்கவில்லையெனில் அவர் இனி நோயாளி. ஒருவருக்கு மெதுவாகவே இறங்கியது. அந்தக் கால்மணி நேரத்தில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்த அளவுக்குத் தீயைக்கூடப் பார்த்ததில்லை. பிறகு இறங்கிவிட்டது.

சாதாரணத் தீயணைப்பு உடை இங்கே வெப்பத்திலிருந்து காக்குமே தவிர, ரசாயனத்திலிருந்து சொற்ப அளவே காக்கும். இதைப் புதியவர்களுக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. பயிற்சியில், புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் தூளைத் தரையில் கொட்டி, அதைச் சுத்தம் செய்யச் சொல்வோம். எல்லாம் முடிந்து, உடையைக் கழற்றி, கைகழுவி வந்தபின் விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டுவோம். கழுத்துப் பட்டைக்குள்ளே ஒரு கீற்று, மணிக்கட்டில் ஒரு வளையம், சிலருக்குக் காதோரம் ஐந்து விரல்களும் தெளிவாகத் தெரியும், முகமூடியை இழுத்துக் கழற்றிய இடம். ஒருவர் தம் பேனாவைப் பார்த்துத் திகைத்து நின்றார். அன்றிலிருந்து அவர் உடையைத் தலைக்கு மேலே உருவுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் வெட்டியோ, வெளிப்புறம் உள்ளே போகும்படி மெல்லச் சுருட்டியோ கழற்றுகிறார்.

அந்த இரவில் வழிகாட்டி சொன்னது, சிறிய அளவில் சிந்தினால் இடத்தைத் தண்ணீர் வெள்ளத்தால் கழுவு என்பது. சரிதான், உலர விடாதே என்பதே அதன் உட்பொருள். ஆனால் கிடங்கின் வாசலிலிருந்து ஆறேழு அடியில் மழைநீர் வடிகால் இருந்தது. வெள்ளமாக விட்டால் வெடிக்கும் ஆபத்து போய், நஞ்சு கால்வாய்க்குள் இறங்கியிருக்கும்.

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே ஷ்வைட்சர்ஹாலேயில் எரிந்த வேதிப்பொருள் கிடங்கை நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம். அங்கே தீ தொடங்கியதற்கு விசாரணையாளர்கள் பெரிதும் சந்தேகித்தது, பிரஷ்யன் நீலம் என்ற நிறமியை. பேலட்டில் அடுக்கிய மூட்டைகளுக்கு நெகிழி உறை போட்டு, திறந்த சுடரால் அதைச் சுருங்க வைத்தபோது, நிறமி சுவாலையோ புகையோ இல்லாமல் கனன்று கொண்டிருந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. திடப்பொருள் தீயின் குணமே அதுதான், யாரும் பார்க்காதபோது உள்ளேயே நடந்து போகும். தீயணைப்பு வீரர்கள் விடிய விடியத் தண்ணீர் அடித்துத் தீயை அடக்கினார்கள். அந்தத் தண்ணீர் பூச்சிக்கொல்லிகளையும் பாதரசச் சேர்மங்களையும் சுமந்துகொண்டு ரைன் ஆற்றில் இறங்கியது. ஒரு சாயத்தால் ஆறு சிவந்தது. நெடுந்தொலைவுக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். நகரம் பக்கத்தில் இருந்தது. ஆனால் அடித்த தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் முன்பே விடை கட்டி வைத்திருக்கவில்லை.

எனவே நாங்கள் முதலில் வடிகாலின் மேல் நெகிழிப் பாயை விரித்து, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி அடைத்தோம். பிறகு சிந்திய இடத்தைச் சுற்றி மணலால் வரப்புக் கட்டினோம். அதற்குப் பிறகே தண்ணீர். அதுவும் முனையைப் பாதிக்கும் குறைவாகத் திறந்து, தரையில் தவழும்படி. குழம்பின் நடுப்பகுதி எப்போதும் ஈரமாகவே இருக்கும், ஆபத்து ஓரத்தில்தான். மெல்லியதாகப் பரவிய விளிம்பு அரை மணியில் வெளிறத் தொடங்கும். சக்கரத் தடம் ஒன்று இரண்டடி நீளத்துக்கு மஞ்சள் கோடாக இழுபட்டிருந்தது. அதைத்தான் முதலில் நனைத்தோம். ஃபோர்க்லிஃப்டை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டோம், சாவியைத் திருப்பக்கூட விடவில்லை. கிடங்கு மேலாளருக்கு இது பிடிக்கவில்லை. "வண்டியை மட்டும் வெளியே எடுத்துக்கட்டுமா சார், காலையில லோடு இருக்கு" என்று மூன்று முறை கேட்டார். டயரில் ஒட்டியிருப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகு கேட்கவில்லை.

அள்ளும் வேலை எங்களுடையது அன்று. அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள், பொறி பறக்காத நெகிழிக் கரண்டிகளோடும் மூடியைத் திருகத் தேவையில்லாத கலன்களோடும் விடியற்காலையில்தான் வருவார்கள் என்று தகவல். அதுவரை எங்கள் வேலை, ஓரம் காயாமல் பார்த்துக்கொள்வது. அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் உடையணிந்து எல்லைக்கோடு வரை போய், விளக்கடித்துப் பார்த்து, தேவையான இடத்தில் தண்ணீர் விட்டு, வரப்பு கசிகிறதா என்று கவனித்துத் திரும்புவார். போனவர் யார், எத்தனை மணி, போகுமுன் நாடி எவ்வளவு, வந்தபின் எவ்வளவு, எவ்வளவு தண்ணீர் விட்டார் என்று பதிவேட்டில் ஏற்றுவது என் பொறுப்பு. நாடகத்தனமாக ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டரை மணி வாக்கில் தூக்கம் கண்ணைக் கட்டியபோது, முதலாண்டில் அந்தப் புட்டியின் முன்னால் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் நினைவுக்கு வந்து, தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பதிவேட்டின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து கோணலாகப் போயிருக்கிறது. '4.40: வடக்கு ஓரம் வெளிறல், நீர் விடப்பட்டது. வரப்பு கசிவு இல்லை. 5.10: ஓரம் ஈரம். 5.40: ஓரம் ஈரம். சக்கரத் தடம் ஈரம். அகற்றும் குழு வாசலில்.'